ஒரு காணிக்கு ஒரு நாற்காலி

"ஆபீசுன்னா நாலு நாற்காலி இருக்கும், நாலு மேசை இருக்கும், மேல ஃபேன் சுத்தும். இதப் பாக்கறதுக்கா நீ சிதம்பரம் வரைக்கும் போவணும்?" என்றார் திருநாவுக்கரசு.

"போவணும்ணே," என்றாள் அமராவதி. "பொண்ணு குடுக்கறதுன்னா மாப்ள ஊட்டப் பாக்காம குடுப்பமா? கூரை ஒழுவுதா, மாமியாக்காரி மூஞ்சி எப்பிடின்னு பாத்துட்டுத்தான பேச்சு? எங்கப்பா எனக்குக் குடுத்த ஒரு காணி நெலத்த எழுதிக் குடுக்கப்போறன். அதுக்குப் பதிலா வர்ற ஆபீசு எப்பிடின்னு நான் பாக்கக் கூடாதா?"

"உள்ள உடமாட்டாங்க தங்கச்சி. பாஸு கீஸுன்னு ஆயிரம் இருக்குது."

"வாசல்ல நின்னு பாத்துட்டு வர்றன்."

கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ராஜவேல் திரும்பாமலே பேசினார். "போயிட்டு வரட்டும் மச்சான். ஏ அமராவதி, போற எடத்துல கை நனைச்சிட்டு வந்துடாத. நனைச்சன்னா சம்மதம்னு ஆயிப்போவும். அப்பறம் உங்கண்ணன் பத்திரத்தோட வந்து வாசப்படியில குந்திக்குவான்."

"ஒங்களுக்கு எல்லாமே கிண்டல்தான் மச்சான்."

"வேற என்னா வேலை எனக்கு?"

கிண்டல்தான் என்றாலும் அதில் விஷயம் இருந்தது. மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், ரொம்பக் கட்டாயப்படுத்தினால் காப்பி. கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண்ணைக் கொடுத்த மாதிரி. திருநாவுக்கரசு அமராவதிக்குப் பெரியப்பா மகன். அவருக்கும் அது தெரியும். எனவே சிரித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மஞ்சக்குப்பம் பத்திர ஆபீசு. மறந்துடாத," என்று எழுந்து போனார்.

வேலையைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கிற காலம் அது. ஒன்றாம் தேதி காலையில் எல்லோருடைய கணக்கிலும் பங்குப்பணம் விழும். சோம்பேறிக்கும் ஒரே பணம், படித்தவனுக்கும் ஒரே பணம். மெஷின்கள் சம்பாதிப்பதில் ஜனங்களுக்கு உண்டான பங்கு என்று பேர். ரேஷன் கடை வாசலில் ஆளில்லாத லாரி வந்து நிற்கும். அரிசி, எண்ணெய், சட்டைத்துணி, செருப்பு, போன் என்று வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கரும்பு வெட்டுகிற மெஷின் நட்டநடு ராத்திரியில் தானே விளக்குப் போட்டுக்கொண்டு வந்து வெட்டிவிட்டுப் போகும். பதினெட்டு வருஷம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த ராஜவேல் அந்த வெளிச்சம் ஜன்னலில் விழுந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். "ரேஷன் கடையில கெடைக்காதது மூணுதான்," என்பார். "பொண்ணு, வேலை, நெலம்." அரிசி சும்மா கிடைத்தது. அரிசி விளைகிற மண்ணுக்கு மட்டும் விலை ஏறிக்கொண்டே போனது. மெஷின் வைத்திருந்தவர்களுக்கு வாங்குவதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அமராவதியின் ஒரே மகன் கதிர்வேல். இருபத்தொன்பது வயது. இன்ஜினியரிங் படித்து, சென்னையில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டதும் ஊருக்கு வந்தான். வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மூன்றரை வருஷம். பசித்தால் சாப்பிட்டான், கூப்பிட்டால் "ம்" என்றான். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், இந்தக் காலத்திலும், முதல் கேள்வி ஒன்றுதான். பையன் என்ன பண்றாரு? யாருமே ஒன்றும் பண்ணாத ஊரில் அந்தக் கேள்வி மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது.

போன ஐப்பசியில் விடியற்காலையில் ஒரு போன் வந்தது. "ஒங்க பையன் பெண்ணையாத்துப் பாலத்துல கைப்பிடிச் சொவுருக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு. கூப்புட்டா பேசல. சீக்கிரம் வாங்க." ராஜவேலும் அமராவதியும் ஓடினார்கள். யாரோ இரண்டு பேர் அதற்குள் இந்தப் பக்கம் இழுத்து உட்கார வைத்திருந்தார்கள். "ஏம்ப்பா?" என்று கேட்டதற்கு, "சும்மாதாம்மா," என்றான். அதற்கப்புறம் அமராவதி அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். அவன் தூங்குகிறானா என்று ராத்திரியில் நாலு தடவை எழுந்து பார்ப்பாள்.

அப்போதுதான் திருநாவுக்கரசு இந்த வேலையைக் கொண்டுவந்தார். சிதம்பரத்தில் நற்பணி சர்வீசஸ். நிஜமான வேலை, மாசச் சம்பளம், மேனேஜர், அடையாள அட்டை. இரண்டு மாதம் சும்மா போய்ப் பார்க்கலாம், பிடித்திருந்தால் நிலம் எழுதிக் கொடுத்து இடத்தை நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். தை மாதத்திலிருந்து கதிர்வேல் போகிறான். ஆறே முக்கால் பஸ்ஸுக்குக் குளித்து, முகம் மழித்து, சட்டையை அவனே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புகிறான். ஏழரைக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "அந்த மேனேஜரம்மா ஒரு மாதிரிம்மா, சும்மா சும்மா குத்தம் கண்டுபுடிக்கறாங்க," என்கிறான். மகன் ஒருத்தரைத் திட்டுவதைக் கேட்கக் கேட்க அமராவதிக்கு வயிறு குளிர்ந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. "என்னா வேலப்பா?" என்றால், "சரிபாக்கற வேலைம்மா," என்பான். "எதை?" என்றால், "லிஸ்ட்ட," என்பான். அதற்கு மேல் போனால் தட்டைப் பார்த்துக்கொள்வான்.

புதன்கிழமை மகன் கிளம்பிப் போன ஒரு மணி நேரம் கழித்து, ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் பூவும் வாங்கிக்கொண்டு அமராவதி கிளம்பினாள். கடலூர் வந்து பஸ் மாறினாள். டிரைவர் இல்லாத பஸ். ஆனாலும் படிக்கட்டில் ஒரு ஆள் விசிலோடு நின்றார். ரிட்டயரான கண்டக்டர் அன்புமணி. சம்பளம் இல்லை, டிக்கெட்டும் இல்லை, தினமும் அவராக ஏறிக்கொள்வார்.

"உள்ள போ, உள்ள போ. எம்மா, நடுவுல நிக்காத."

"பஸ்சு காலியாத்தான இருக்குது," என்றாள் அமராவதி.

"காலியா இருந்தாலும் உள்ளதான் போவணும்," என்று அவர் விசில் ஊதினார். பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது.

சிதம்பரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே தெற்கு வீதிக்கு வந்தாள். மூடிப்போன ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் போர்டு இருந்தது. படிக்கட்டின் கீழே ஸ்டூலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர், மடியில் பெரிய நோட்டு. அறுபது வயசை ஒட்டி இருக்கும். அவளையும் பழத்தையும் பூவையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. எடம் பாக்க வந்தீங்களா? பையனுக்கா, பொண்ணுக்கா?"

"பையனுக்குங்க."

"நல்லதும்மா. எம்பேரு சின்னையன், ஸ்ரீமுஷ்ணம். சீக்கிரம் சேத்துடுங்க. நெலமா, மனையா?"

"நெலம். ஒரு காணி."

"ஒரு காணியா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடின்னா ஆறு மாசத்துக்குக் கவல இல்ல. போன மாசம் யாருமே வரலம்மா. சம்பளமே வராதோன்னு நாங்கள்லாம் வவுத்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம்."

அமராவதிக்குப் புரியவில்லை. "எம்பையன் நெலம் குடுக்கறதுக்கும் ஒங்க சம்பளத்துக்கும் என்னாங்க?"

சின்னையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேலே ஒரு தடவை, தெருவை ஒரு தடவை பார்த்தார். "ஒங்களுக்குச் சொல்லலியா? புதுசா வர்றவுங்க குடுக்கறத வித்துத்தாம்மா பழசுங்களுக்குச் சம்பளம். நானே எம்மனை அஞ்சு சென்ட்டக் குடுத்துட்டுத்தான் இந்த ஸ்டூல்ல குந்தியிருக்கறன்."

"அப்ப வேலை?"

"எந்த வேலை?"

"அந்த லிஸ்ட்டுங்க. சரிபாக்கறது."

"அதுவா. மெஷினு தப்பே பண்ணாதும்மா. அதனால தப்ப இவுங்களே உள்ள போட்டு வெப்பாங்க. புள்ளைங்க அத ஒக்காந்து கண்டுபுடிக்கும். அஞ்சு மணிக்கு அழிச்சிடுவாங்க. மறுநாளு அதே லிஸ்ட்டு, வேற எடத்துல தப்பு."

பழப்பை அமராவதியின் கையில் கனத்தது. அதை ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"இது அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரத்துலயே தெரிஞ்சிடும்மா. முட்டாளுங்களா அதுங்க? எல்லாம் இன்ஜினியருங்க."

"தெரிஞ்சேவா ஒக்காந்திருக்குதுங்க?"

"பின்ன, வெளிய போயி எங்க ஒக்காரச் சொல்றீங்க?"

அவள் படியேறினாள். அவர் தடுக்கவில்லை. மேலே கண்ணாடிக் கதவு. உள்ளே நாற்பது நாற்காலி, நாற்பது திரை. கதிர்வேல் மூன்றாவது வரிசையில் இருந்தான். காதில் பென்சில். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரைக்குள்ளேயே விழுந்துவிடுகிற மாதிரி குனிந்திருந்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தபோது அவன் முகம் அப்படி இருந்தது. மேனேஜர் ஜெயராணி அவன் மேசைக்கு வந்து எதையோ விரலால் தட்டிக் காட்டினாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"நேத்து மூணு விட்டிருக்கீங்க கதிர்வேல். இப்பிடி இருந்தா எப்பிடி?"

"சாரி மேடம். இன்னிக்கிப் பாத்துடறேன் மேடம்."

பிறகு அவன் நிமிர்ந்தான், அம்மாவைப் பார்த்தான். பாலத்தில் பார்த்தபோது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. இப்போது அதில் பயம் இருந்தது. பயமாவது இருக்கிறதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

படிக்கட்டின் திருப்பத்தில் நின்று பேசினார்கள்.

"ஏம்மா வந்த?"

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்லுவன்? பொய் வேலைக்குப் போறன், ஒன் காணியக் குடுன்னா?"

"இத்தன தெரிஞ்சும் என்னை எழுதிக் குடுக்கச் சொன்னியேடா. அது எங்கப்பா ஒழைச்ச மண்ணுடா. ஒலகத்துல எல்லாம் சும்மா கெடைக்கிற நேரத்துல அது ஒண்ணுதாண்டா நமக்குன்னு இருக்குது."

"தெரியும்."

"வந்துடு. நம்ம காணியிலயே எதுனா பண்ணு. கத்திரி போடு, வெண்ட போடு."

"அதுவும் இதேதாம்மா. மெஷினு ஒரு மணி நேரத்துல செய்யறத நான் பத்து நாளு குனிஞ்சி செய்வன். அத நீ வரப்புல நின்னு பாத்துக்கிட்டு, 'எம்பையன் வேலை செய்யறான்'னு சிரிப்ப. அதுல நடிக்கறது நீயும் நானும் ரெண்டு பேருதான். இங்க நாப்பது பேரு இருக்கறம்மா." அவன் குரல் தாழ்ந்தது. "இங்க லீவு சொன்னா ஏன்னு கேக்கறாங்கம்மா. போன வாரம் காய்ச்சல்னு ஒரு நா வரல இல்ல? மறுநா நாலு பேரு கேட்டாங்க. என்னா ஆச்சி, எங்க போயிட்டன்னு. ஊட்ல மூணரை வருசம் கெடந்தன். இல்லாமப் போனாக்கூட எந்த லிஸ்ட்லயும் ஒரு எடம் காலியா ஆயிருக்காது."

"நாங்க இருக்கறம்டா. எங்களுக்குக் காலியா ஆவாதா?"

"நீங்க அழுவீங்க. அழறது வேற, தேடறது வேறம்மா." அவன் அவள் கையைப் பிடித்தான். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். "எழுதிக் குடுக்காட்டி வெள்ளிக்கிழமையோட என் சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நான் மெரட்டலம்மா. சத்தியமா மெரட்டல. திரும்பப் போயி அந்தச் சொவுரப் பாத்துக்கிட்டுப் படுக்க என்னால முடியுமான்னு எனக்கே தெரியல. அவ்வளவுதான்."

மேலே மணி அடித்தது. சாப்பாட்டு மணி. நாற்பது பேரும் நாற்காலிகளை இழுக்கிற சத்தம், டப்பாக்கள் திறக்கிற சத்தம். யாரோ ஒரு பெண் எட்டிப் பார்த்து, "கதிரு, அம்மாவா? வாங்கம்மா, சாப்புடலாம்," என்றாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு தட்டில் சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் வைத்து அமராவதியின் முன்னால் தள்ளினார்கள். "ரேஷன் அரிசிதாம்மா, ஆனா கொத்சு எங்க ஊட்டுக் கை," என்றான் ஒருத்தன். "ஒன் கை இல்லடா, ஒங்கம்மா கை," என்றான் இன்னொருத்தன். சிரித்தார்கள். ஒருத்தன் மேனேஜர் மாதிரி விரலால் மேசையைத் தட்டி, "மூணு பருக்கை விட்டிருக்கீங்க, இப்பிடி இருந்தா எப்பிடி?" என்றான். கதிர்வேல் சிரித்தான். வாயைத் திறந்து, பல் தெரிய.

சிரித்துக்கொண்டே அவன் பார்வை அம்மாவின் வலது கைக்குப் போனது. அங்கேயே நின்றது. வீட்டில் அப்பா சொன்ன கிண்டல் அவன் காதிலும் விழுந்துதான் இருந்தது.

எழுந்து போய்விடலாம். "நேரமாவுது, பஸ்ஸப் புடிக்கணும்," என்று ஒரு வார்த்தை போதும். அமராவதி தண்ணீரை எடுத்து வலது கையில் ஊற்றிக்கொண்டாள். சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலமே திருநாவுக்கரசு வந்துவிட்டார்.

"கை நனைச்சிட்டு வந்துட்டியாமே தங்கச்சி? நம்ம பையன் போன் போட்டுச் சொன்னான். அப்பறம் என்னா பேச்சு? காலையில ஒம்பது மணிக்கு ரெடியா இரு."

"அண்ணே, ஒண்ணு கேக்கறன். எல்லாம் தெரிஞ்சுதான் கொண்டாந்தியா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தெரியும்."

"எங்கூடப் பொறந்த மாதிரி இருந்துக்கிட்டு..."

"ஆளு புடிக்கறதுதாம்மா எனக்கு வேலை. கமிசன் பெருசா ஒண்ணும் இல்ல. காலையில எழுந்திருச்சா நாலு ஊட்டுக்குப் போவணும்னு இருக்குது. அது இல்லன்னா நானும் மச்சான் மாதிரி அந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டிலு போட்டுக்கணும். அன்னிக்கிப் பாலத்துக்கு நீங்க ஓடுனப்ப நானும் பின்னாடியே ஓடியாந்தன். அவன் மூஞ்சியப் பாத்தன். அதுக்கப்பறம்தான் கொண்டாந்தன். திட்டணும்னா திட்டிக்கோ."

அமராவதி திட்டவில்லை. ராஜவேல் மட்டும் டிவியை அணைத்தார். அணைத்துவிட்டு இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி அவள் மகன் அறைக்கு எழுந்து போகவில்லை. படுத்தபடி காணியையே நினைத்துக்கொண்டிருந்தாள். நூற்று முப்பத்திரண்டு சென்ட். மேற்கே ரோடு, கிழக்கே வாய்க்கால். ரோட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நடந்தாள். பிறகு வாய்க்காலிலிருந்து ரோட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் பத்திர ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் ஜெயராணி காத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சேலை, கையில் ஃபைல்.

"வாங்கம்மா. டோக்கன் போட்டாச்சு. உள்ள போயி மெஷின் முன்னாடி விரல் வெச்சாப் போதும்."

"மொத்தக் காணியும் குடுக்கப்போறதில்லம்மா," என்றாள் அமராவதி.

"தங்கச்சி!" என்றார் திருநாவுக்கரசு.

"நீ கொஞ்சம் சும்மா இருண்ணே. வருசத்துக்குப் பத்து சென்ட்டு. எம்பையன் சீட்டு இருக்கற வரைக்கும் வருசா வருசம் பங்குனியில வந்து பத்துப் பத்தா எழுதிக் குடுக்கறன். சீட்டு போச்சின்னா நெலமும் நின்னுடும்."

ஜெயராணி சிரித்தாள். "அப்பிடியெல்லாம் கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"ஒத்துக்குவாங்க. போன மாசம் ஒங்களுக்குப் புதுசா ஒருத்தரும் வரல. இந்த மாசம் நான் ஒருத்திதான். நான் திரும்பிப் போனா நாப்பது பேருக்குச் சம்பளம் இல்ல. ஒனக்கும் இல்ல."

"யாரு சொன்னா இதெல்லாம்?"

"ஒங்க மாடிப்படி சொல்லுச்சு."

ஜெயராணி ஃபைலைத் திறந்தாள், மூடினாள். "பத்து சென்ட்டுன்னா ரோட்டு ஓரமாக் குடுங்க."

"ஏன், ரோட்ட வாங்கிக்கிட்டு மீதி நூத்து இருவத்திரண்டையும் வழியில்லாம அடைக்கறதுக்கா? நான் என்னா நேத்துதான் மண்ணப் பாத்தவளா? கெழக்கால வாக்கா ஓரத்துலேந்து வருவன். வரப்பு மேல நடந்து போறதுக்கு வழி எழுதிக் குடுக்கறன். அதோட ஒரு போன் போட்டுக் கேளு ஒங்க மொதலாளிய."

ஜெயராணி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். மெதுவாகப் பேசினாள், தலையாட்டினாள். வந்தபோது முகம் தளர்ந்திருந்தது.

"சரின்னு சொல்லுது."

"சொல்லுதா? யாரு?"

"மொதலாளிய நான் பாத்ததில்லம்மா. போன்ல ஒரு கொரலு வரும். ஆளா மெஷினான்னு எனக்குத் தெரியாது. நானும் வடலூர்ப் பக்கம் மூணு மனை குடுத்துட்டுத்தான் இந்த மேனேஜர் சீட்டுக்கு வந்தன்." டோக்கன் சீட்டை எடுத்து அமராவதியிடம் நீட்டினாள். "பதிமூணு வருசம் கணக்குப் போடறீங்க. பதிமூணு மாசம் இது ஓடுமான்னே எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

"ஓட வைய்யி," என்றாள் அமராவதி. "என்னா பண்ணுவியோ, ஓட வைய்யி. எனக்கு ஒண்ணு மட்டும் செய்யி தாயி. அவன வாரத்துக்கு ஒரு தடவையாவது திட்டு. இப்ப போடற தப்பு பத்தாது, ஜாஸ்தியாப் போட்டு வையி. ஒரே மாதிரி போட்டா அவனுக்குச் சலிச்சுடும், புத்திசாலிப் பையன். கஷ்டமான தப்பா யோசிச்சுப் போடு. ஒரு நா வரலன்னா ஒடனே போன் போடு. எனக்கில்ல, அவனுக்குப் போடு. ஏன் வரலன்னு சத்தம் போடு."

ஜெயராணி ஃபைலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் அமராவதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருவரும் உள்ளே போனார்கள். மெஷினின் குரல் பேர், ஊர், அளவு எல்லாம் கேட்டது. அமராவதி விரலை வைத்தாள். பத்து சென்ட் போனது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

காணிக்குப் போய் ரோட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் நடந்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. ராஜவேல் உலை வைத்திருந்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் உலை வைத்து அவள் பார்த்ததில்லை.

"முடிஞ்சுதா?"

"பத்து சென்ட்டு."

"மீதி?"

"வருசத்துக்குப் பத்து."

அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "பதிமூணு வருசம். அவனுக்கு நாப்பத்திரண்டு ஆவும். அப்பறம்?"

அமராவதி உலை மூடியைத் திறந்து பார்த்தாள்.

"கேக்கறேன் இல்ல? மண்ணும் இருக்காது, சீட்டும் இருக்காது. நீயும் நானும் இருக்கமோ என்னமோ. அப்பறம் அவன் என்னா பண்ணுவான்?"

"தெரியல."

"தெரியாமலா எழுதிக் குடுத்த?"

"ஆமா, தெரியாமத்தான் குடுத்தன்." அவள் வாசலுக்கு நடந்தாள். "நாளைக்கி அவன் எழுந்திருப்பான். ஆறே முக்கால் பஸ்சுக்குப் போவான். அதுக்குத்தான் குடுத்தன். அதுக்கு மேல எனக்குக் கண்ணு தெரியலங்க."

ராஜவேல் அடுப்பைக் குறைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஏழரை ஆனது. ஏழே முக்கால் ஆனது. ரோட்டில் வெளிச்சம் எதுவும் வரவில்லை. அமராவதி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ராஜவேல் போனை எடுத்தார், அடிக்காமல் வைத்துக்கொண்டார். எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் வேறு யாரோ ஒரு கிழவர் இறங்கினார். அதற்கப்புறம் கதிர்வேல் இறங்கினான். போனில் யாருடனோ கத்திப் பேசிக்கொண்டு, "எட்டு தப்புடா! ஒரே நாள்ல எட்டு போட்டிருக்குது அந்தம்மா! மனுசத்தனம் வேணாம்?" என்று திட்டிக்கொண்டே தெருவில் திரும்பினான்.

தாங்கள் நின்று காத்திருந்தது அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று இருவரும் அவசரமாக உள்ளே போனார்கள்.